ஐந்தாவது பாடம்

எங்கள் தெருமுனை அம்ருததுல்யா டீக்கடையில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. நான் போய் நின்றதுமே டீ வடிகட்டுகிறவர், "அண்ணா வந்தாச்சு, இனிமே பேப்பர் எதுக்கு" என்று மராத்தியில் சொல்லிவிட்டு, பேப்பரை மடித்து பன்மஸ்கா தட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். புனேக்கு வந்து பதினாலு வருஷமாக அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். மகாராஷ்டிர மாநில போர்டு. புத்தகம் தயாரிக்கும் பாலபாரதியும் இந்த ஊரில்தான், பரீட்சை நடத்தும் போர்டின் தலைமையகமும் இந்த ஊரில்தான். ஆகவே மார்க் குறைந்தால் தூரத்தில் யாரையும் திட்ட முடியாது. சரித்திரமும் ராஜ்யசாஸ்திரமும் சேர்ந்து ஒரே புத்தகம், ஒரே தாள், 40 மார்க். முன்னால் ஒன்பது பாடம் சரித்திரம். பின்னால், கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி, ஐந்தே பாடம் அரசியல்.

"கணக்குக்கு டியூஷன் வைக்கலாம். இதுக்கு எதுக்குங்க காசு? வீட்லயே ஒருத்தர் சும்மா பேசிட்டுத்தானே இருக்கார்" என்றாள் மனைவி. அந்தச் 'சும்மா'வை நான் கவனிக்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியே எனக்காக வைத்த மாதிரி இருந்தது. இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் யார்?

"டி.என். சேஷன்!" என்றேன். வெறுமனே சொல்லவில்லை. தொடையைத் தட்டிச் சொன்னேன். நம்ம பாலக்காட்டுத் தமிழர், அவர் பெயரைக் கேட்டாலே கட்சிக்காரர்கள் சுவரில் எழுதினதைத் தாங்களே அழிப்பார்கள் என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் போனேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுகுமார் சென்ப்பா. 1950. சேஷன் பத்தாவது ஆள்" என்றாள். சேஷன் வந்தது 1990 கடைசியில். நாற்பது வருஷம்தான் பிசகு.

விடுவேனா? மூன்றாவது பாடத்தில் மாநிலக் கட்சிகள் வரிசையில் திராவிட முன்னேற்றக் கழகம் இருந்தது. கும்பகோணத்துக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! 1916-ல் நீதிக்கட்சி, 1944-ல் திராவிடர் கழகம், 1949-ல் ராபின்சன் பூங்கா மழையில் கழகம் பிறந்தது, 1967-ல் ஆட்சி, 1972-ல் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டது, எல்லாவற்றையும் குரலை ஏற்றி இறக்கி நடித்தே காட்டினேன். நடுவில் குக்கர் மூன்று விசில் விட்டது. கூட்டத்தின் ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டேன். மணி பதினொன்று ஆனபோது மகள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "அப்பா, இது மொத்தமே ரெண்டு மார்க்" என்றாள்.

அப்புறம் உள்மதிப்பீடு வந்தது. பள்ளிக்கூடமே போடுகிற 20 மார்க். தேர்தல் நடைமுறை பற்றி ஒரு ப்ராஜெக்ட்; உங்கள் வார்டு நகர்சேவக், அதாவது கவுன்சிலர், பெயரை எழுத வேண்டும். பெரிய விஷயமா? போகிற வழியெல்லாம் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறாரே! பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனாள், அடித்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதர் மாஜி. 2022 மார்ச்சில் புனே மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துபோய், தேர்தல் நடக்காமல், அதிகாரிதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். வார்டுக்கு ஆளே இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. தினமும் இரண்டு டீ குடித்து அரசியல் பேசின எனக்கு அது தெரியவே இல்லை.

இதெல்லாம் சின்ன அடி. பெரிய அடி கடைசிப் பக்கத்தில் இருந்தது: குடும்பத்தில் ஒரு வாக்காளரைப் பேட்டி எடுக்க வேண்டும்.

நான் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். மகள் முதல் கேள்வி கேட்டாள். "போன நவம்பர் 20, சட்டசபைத் தேர்தல்ல எந்த பூத்ல போட்டீங்க?"

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, 2024 நவம்பர் 20. ஆபீஸ் லீவு. காலையில் மனைவிக்கு யாருக்குப் போடலாம், ஏன் போடலாம், போடாவிட்டால் நாடு என்ன ஆகும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். மை வைத்த விரலோடும் ஒரு கட்டு வெந்தயக்கீரையோடும் திரும்பி வந்தாள். நான் அதற்குள் தூங்கிப்போயிருந்தேன்.

என் பெயர் புனேயில் இல்லை. பதினாலு வருஷமாகக் கும்பகோணத்துப் பட்டியலிலேயே இருக்கிறது, மாற்றிக்கொள்ளவில்லை. ஓட்டுப் போட ஊருக்கும் போனதில்லை. வந்த முதல் வருஷமே மனைவி, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் கொடுத்துப் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க பேசிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாமேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

சுகுமார் சென் 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலை நடத்தியபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்ததாம். இதுவும் மகள் சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டில் இப்போது இன்னாரின் கணவர் என்று ஒருவர் இருக்கிறார்.

பேட்டி மனைவியோடு நடந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். ப்ராஜெக்டில் எனக்கு இடமே இல்லையா என்று கொஞ்சம் கெஞ்சிக் கேட்டதற்கு, "இருக்குப்பா, உங்க போட்டோவே ஒட்டியிருக்கேன்" என்றாள் மகள். ஆசையாகப் புரட்டினேன். ஐந்தாவது பாடம். இந்திய ஜனநாயகம் எதிர்கொள்ளும் சவால்கள்.

இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினாள். ஒரு மார்க் எங்கே போனது என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் நான் வாயைத் திறக்காததைப் பார்த்து டீ வடிகட்டுகிறவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டு, இஞ்சி கூடத் தட்டிப் போட்டார். தட்டுக்கு அடியிலிருந்து பேப்பரையும் உருவிக் கொடுத்தார்.

நீங்களும் ஒருதரம் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வீடு மாறியிருந்தால் படிவம் 8. படிவம் 6 முதல்முறை ஓட்டுப் போடுகிற பிள்ளைகளுக்கு. நான் முதலில் அதைத்தான் நிரப்பினேன்.