பட்டாள லாரிக்கு டயர் தேடும் மாப்பிள்ளைக்கு

மாப்ளே, நீ அனுப்பின லாரிப் படத்தை உங்க அத்தைகிட்டக் காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பார்த்துப்போட்டு, "டெக்சாஸ்ல இவனுக்கு யாரு கூடப் பகை?"ன்னு கேட்டா. பகையெல்லாம் ஒண்ணுமில்ல, பத்து ஏக்கர் தோட்டத்துல ஓக் மர விறகு ஏத்தறதுக்கும், ஜூலை 4-ஆம் தேதி ஊர்வலத்துல கொடி கட்டி ஓட்டறதுக்கும் ஏலத்துல எடுத்திருக்கான்னு சொன்னேன். "விறகுக்கு ஆறு டன் எடையில ஒரு லாரியா?"ன்னா. நான் வாயத் தொறக்கல. வாங்கினவன் நீ, பதிலும் நீயே சொல்லிக்க.

டயர் சங்கதிய மட்டும் மாமன்கிட்ட விடு. நாமக்கல் பட்டறையில கறுத்துப் போன கை இது, அமெரிக்கா லாரின்னு பயப்படாது. எம்35ஏ2-ன்னு எழுதியிருக்க. அந்த ஊர்ல இதைச் செல்லமா 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்'னு கூப்பிடறாங்களாம். காட்டுமேட்டுல ரெண்டரை டன் பாரம்தான் கணக்கு, தார் ரோட்டுல 5 டன். பத்து டயர் வச்ச வண்டிக்கு ரெண்டரை டன் லோடுன்னு நம்மூர்ச் செட்டுல சொல்லிப் பாரு, கிளீனர் பையன் கூட டீயக் கீழ வச்சுட்டுச் சிரிப்பான்.

இருக்கட்டும். நீ ஆசைப்படறது 395/85ஆர்20. மிஷெலின் எக்ஸ்எம்எல். இந்த வண்டிக்கு அப்புறம் வந்த எஃப்எம்டிவி பட்டாள லாரிக்குப் போடற டயர். 46 அங்குல உசரம். பின்னாடி ஜோடி கெடையாது, ஒத்தை ஒத்தையா ஆறே டயர். படம் எடுத்தா ஜம்முனு இருக்கும், ஒத்துக்கறேன். வாங்கிப் போடு கண்ணு, தடுக்கறதுக்கு நான் யாரு? உன்ற வண்டியில பவர் ஸ்டீரிங் கெடையாது, அவ்வளவுதான். அந்த அகல டயரை முன்னாடி மாட்டிக்கிட்டு, மளிகைக் கடை பார்க்கிங்ல ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிக் காமி. ஜிம்முக்குக் கட்டற பணமாவது மிச்சமாகும்.

"பட்டாளத்துக்காரனே ஒத்தை டயருக்குப் போயிட்டான் மாமா"ன்னு சொல்லுவ. போனான். 1990-கள்ல இதே எம்35-ஐப் பிரிச்சுத் திருப்பிக் கட்டி, ஏ3-ன்னு பேர் வச்சு, 14.5ஆர்20 டயர் போட்டான். அதோட நிறுத்தல. கேட்டர்பில்லர் இன்ஜின் வச்சான், ஆட்டோமேட்டிக் கியர் வச்சான், பவர் ஸ்டீரிங் வச்சான், ஓட்டிக்கிட்டே டயர்க் காத்தை ஏத்தி எறக்கறதுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணினான். நீ அவன்கிட்ட டயரை மட்டும் கத்துக்கிட்டு மிச்சத்தையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்ட.

கணக்கையும் கேட்டுக்க. இப்ப இருக்கற 9.00-20 டயர் 40 அங்குலம். அந்த எடத்துல 46 நின்னா, ஒரு சுத்துக்கு 15 சதம் கூடுதலா ஓடும். ஸ்பீடோமீட்டர் முள்ளு 50 மைல்ல நிக்கும், வண்டி 57-ஐத் தாண்டிப் போயிட்டிருக்கும். நெடுஞ்சாலையில இந்த வண்டி மாட்டுவண்டியாட்டம் போகுதுன்னு எழுதியிருந்தியே, அந்தக் குறை தீரும். ஆனா ஆக்சில் ஹவுசிங்ல 6.72 ரேஷியோ வச்சவன் சின்ன டயரைப் பார்த்துத்தான் வச்சான். ஏத்தத்துல சக்கரத்துக்கு வர்ற இழுவை 13 சதம் கொறையும். பிரேக்குக்கும் அதே கதிதான். இழுவை கொறைஞ்சா மெதுவாப் போயிக்கலாம். பிரேக் கொறைஞ்சா சிக்னல்ல உனக்கு முன்னாடி நிக்கற கார்க்காரன் சொல்லுவான்.

இப்ப வண்டியில கெடக்கற டயருக்கு வருவோம். அதுக்கு என்டிடின்னு பேரு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பட்டை ஒரே மாதிரி இருக்கும். வண்டி வந்ததா போனதான்னு எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு அப்படிப் பண்ணினாங்கன்னு ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். ஆறு டன் லாரி ஊரைக் கூட்டிப் புகை விட்டுக்கிட்டுப் போறப்ப, எதிரி குனிஞ்சு டயர்த் தடத்தை ஆராய்ச்சி பண்ணுவானாக்கும்! காரியம் என்னன்னா, எந்த டயரையும் எந்தச் சக்கரத்துலயும் எப்படித் திருப்பியும் மாட்டலாம். ஒரே ஸ்டெப்னி, பத்து எடத்துக்கும் ஆகும். குண்டு விழற எடத்துல டயர் மாத்தறவனுக்கு அது பெரிய வரம். உனக்கு விழறது ஓக் எலைதான், அதை மறந்துடாத.

அந்த டயர்ல குறையும் இருக்குது. களிமண்ணுல எறங்கினா பட்டைக்கு நடுவுல மண்ணை வாங்கி வச்சுக்கும், உதறாது. ஆஸ்டினுக்குக் கிழக்க இருக்கற கரிசல்ல மழைக்கு அப்புறம் எறங்கினின்னா, கொஞ்ச தூரத்துலயே பத்தும் மண் உருளை. ஈரத் தார்ல வழுக்கும். நைலான் டயர்ங்கறதால ராத்திரி நின்ன எடத்துல அடிப்பக்கம் தட்டையாயிடும். குளிர்காலத்துல காலையில எடுத்தா, முதல் ஒரு மைல் தட்டு தட்டுன்னு ஆட்டம் போட்டுத்தான் உருண்டைக்கு வரும். ஏதோ உடைஞ்சு போச்சுன்னு எறங்கிக் குனிஞ்சு பார்க்காத, அக்கம்பக்கத்துல சிரிப்பாங்க.

பின்னாடி ஜோடி டயர்தான் எல்லாரும் கோட்டை விடற எடம். ஜோடி மாட்டுல ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னா நுகத்தடி எப்படி நிக்கும்? உள் டயர் புதுசு, வெளி டயர் தேய்ஞ்சதுன்னா பாரம் பூரா புதுசு மேலதான். அது சூடேறி வெடிக்கும். தேய்ஞ்சது ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி உருண்டுக்கிட்டிருக்கும். இதாவது நம்ம லாரியிலயும் உண்டு. உன்ற லாரியில இன்னொரு வம்பு. பின்னாடி இருக்கற ரெண்டு ஹவுசிங்கும் ஒரே ஷாஃப்ட்ல நேரா மாட்டியிருக்குது, நடுவுல விட்டுக்குடுக்கற டிஃபரன்ஷியல் கெடையாது. ரெண்டு ஹவுசிங் டயரும் உசரத்துல மாறுச்சுன்னா, தார் ரோட்டுல ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும். ரப்பரும் தேயும், பல்லும் தேயும். "மாமா, நாலு மட்டும் இப்ப மாத்திக்கறேன், மிச்சம் தீபாவளிக்கு"ன்னு வராத. ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுத்தி அளந்து சாக்பீஸ்ல எழுது. ஒத்துப் போறதை ஜோடி சேர்த்துக்கிட்டு, அப்புறம் மாட்டு. நைலானையும் ரேடியலையும் ஒரே ஆக்சில்ல கலக்காத. முன்னாடியும் அதே உசரம்தான். முன் சக்கரத்துக்கும் இழுவை குடுக்கற வண்டி இது.

விக்கறவன் பட்டையைக் காட்டுவான். "பாருங்க சார், முள்ளு கூடத் தேயல"ம்பான். தேயாதுடா, எப்படித் தேயும்? பட்டாள லாரி ஓடித் தேஞ்சதை விட வெயில்ல நின்னு காஞ்சதுதான் ஜாஸ்தி. நீ பக்கச் சுவரைப் பாரு. டிஓடின்னு எழுத்து இருக்கும், அதோட கடைசியில நாலு எண்ணு. 2309-ன்னா 2009-ஆம் வருசம் இருபத்து மூணாவது வாரம் பண்ணினது. மூணே எண்ணு இருந்துச்சுன்னா அது 2000-க்கு முந்தின சரக்கு. வேண்டாம்னு மரியாதையாச் சொல்லிட்டு வந்துரு. தேதி நல்லா இருந்தாலும் ரிம் ஓரத்துலயும் பட்டைக்குக் கீழயும் விரல் நகத்தை வச்சுப் பாரு, வெடிப்புல நகம் எறங்குச்சுன்னா விட்டுரு. காத்தில்லாம ரொம்ப நாள் நின்ன ரேடியல் இன்னும் மோசம். உள்ள இருக்கற கம்பி மடிஞ்சு மடிஞ்சு இத்துப் போயிருக்கும், காத்து ஏத்தறப்ப பக்கச் சுவர் ஜிப்பு மாதிரி கிழிஞ்சு வரும்.

இதுவரைக்கும் கிண்டல் பண்ணினேன், இதுல பண்ண மாட்டேன். உன்ற ரிம்முல டயரைப் பூட்டி வைக்கற ரிங் இருக்குது. அது காத்து ஏறறப்பச் சரியா உக்காரலைன்னா, பறந்து வரும். நாமக்கல்லுல ஒரு பட்டறையில ரிங்கு பறந்து சிமெண்டு ஓட்டைப் பிச்சுக்கிட்டு வெளியே போனதைப் பார்த்திருக்கேன். நல்லவேளையா நடுவுல ஆளு இல்ல. அமெரிக்காவுல இந்த மாதிரி ரிம்முக்கு வேலைக்காரங்க பாதுகாப்புச் சட்டமே தனியா இருக்குது: கம்பிக் கூண்டுக்குள்ள வச்சு, நீள ஓஸ்ல கிளிப் மாட்டி, தள்ளி நின்னுதான் காத்தேத்தோணும். நீ யூடியூப் பார்த்து வீட்டு வாசல்ல பண்ணாத. கூண்டு இருக்கற பெரிய லாரிக் கடைக்கு ரிம்மோட கொண்டு போ. காத்து இருக்கறப்ப ரிங்கைச் சுத்தியல்ல தட்டறவனைக் கண்டா அந்தக் கடையை விட்டே வந்துரு. ஜோடிச் சக்கரத்துல நட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி, உள்ளது வெளியது ரெண்டுலயும் வால்வு ஊசியக் கழட்டிக் காத்தை எறக்கிரு.

அப்ப என்னதான் போடறது? பத்து என்டிடி, நல்ல தேதியில, ஒரே உசரத்துல கெடைச்சா, அதையே போட்டுக்க. விறகுக்கும் ஊர்வலத்துக்கும் தாராளம். கையில காசு கடிக்குதுன்னா 11.00ஆர்20 ரேடியல் ஆறு வாங்கு, 5 டன் பட்டாள லாரிக்கு வந்த டயர். 43 அங்குலம்தான் இருக்கும். வேகம் கொஞ்சம் கூடும், ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கும், ரெண்டும் தாங்கற அளவுதான். உன்ற 7.5 அங்குல ரிம்முலயே மாட்டி ஓட்டறவங்க அங்க நெறைய இருக்காங்க. பின் ஹப்பைத் திருப்பிப் போட்டா முன்னாடி தடத்துலயே பின்னாடியும் ஓடும். உங்க பக்கத்துச் சுண்ணாம்புக் கல் ரோட்டுல ஜோடிக்கு நடுவுல கல்லு மாட்டற தொல்லையும் இல்ல. பத்தும் ஸ்டெப்னியும் பதினொண்ணு, இங்க ஏழோட முடிஞ்சுது. கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்க. 46 அங்குலத்தை உன்ற லேப்டாப்ல சுவர்ப்படமா வச்சுக்கோ, அதுக்குக் காத்தும் ஏத்த வேண்டாம்.

கழட்டறப்ப ஒண்ணு பார்த்துக்க. அந்த லாரியில வலப்பக்க நட்டு ஊரு வழக்கப்படி கழலும். இடப்பக்கத்துல மரை தலைகீழ், போல்ட்டு நுனியில 'எல்'னு அடிச்சிருப்பான், துருவைச் சுரண்டினா தெரியும். ஸ்பேனர்ல பைப்பைச் சொருகித் தொங்கறதுக்கு முந்தி எந்தப் பக்கம் நிக்கறோம்னு பாரு. பார்க்காமத் தொங்கி போல்ட்டு முறிஞ்சுதுன்னா உடனே போன் பண்ணு, நடுராத்திரியானாலும் பரவாயில்ல. ஸ்பீக்கர்ல போடறேன், உங்க அத்தை முழிச்சுத்தான் இருப்பா.