தோளில் சுமந்த விலை

இந்தத் துப்பாக்கியை வாங்கலாமா, கொஞ்சம் கூடப் போட்டு அதை வாங்கலாமா என்று சிங்கப்பூரில் யாரும் கடை வாசலில் நின்று யோசிப்பதில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, தீங்கு செய்யும் எண்ணத்தோடு சுட்டாலே மரண தண்டனை. குண்டு யார்மேலும் படாமல் போனாலும் அதேதான். ஆனாலும் எங்கள் குடும்பங்களில் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டத் தெரியாத ஆண்பிள்ளை குறைவு. தேசிய சேவைக்குப் போன முதல் வாரங்களிலேயே அரசாங்கம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறது. எது, என்ன விலைக்கு என்பதை நாடு முடிவு செய்கிறது. சுமப்பது நாங்கள். அதனால் அந்த விலை தகுமா என்று பேச எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

1982இல் எனக்குக் கிடைத்தது எம்16எஸ்1. கறுப்பு, கிட்டத்தட்ட 99 சென்டிமீட்டர் நீளம், தோட்டா இல்லாமல் சுமார் 3 கிலோ. முகாமின் ஆயுதக் கிடங்கான ஆர்ம்ஸ்கோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். வாங்கிய நொடியிலிருந்து அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போதும், காட்டுக்குள் ஒதுங்கும்போதும். தொலைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் என்சிக், அதாவது வாரண்ட் அதிகாரி, ஒரே தடவைதான் சொன்னார். மறுபடி சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

அந்தத் துப்பாக்கியோடு எனக்கிருந்த மிக நெருக்கமான வேலை குறி சரிசெய்வது. சுட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தால் ஓட்டைகள் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் இலக்குத் தாளின் ஒரு மூலையில். அப்போது ஒரு தோட்டாவின் கூர்முனையால் முன்குறிக்கு அடியிலிருக்கும் சின்னப் பித்தானை அழுத்திக்கொண்டு முன்குறியைத் திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்கு ஒரு கணக்கு. பக்கவாட்டுக்குப் பின்குறியில் இன்னொரு திருகல். மறுபடி படுத்து, மறுபடி சுட்டு, மறுபடி நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நீ சூன் சுடும் மைதானத்தில் மழை பிடித்தால் பின்குறியின் துளைக்குள் தண்ணீர்த்துளி உட்கார்ந்துகொள்ளும். எதிரே தாள் தெரியாது, ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும் தெரியும். கண்ணாடி போட்ட பையன்களின் பாடு இன்னும் மோசம்.

இலக்குத் தாள்களுக்கு அடியில், குழிக்குள் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவர்கள் வேலை தாளை ஏற்றி இறக்குவது, ஓட்டைகளில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவது. தலைக்கு மேலே குண்டுகள் ‘சட்’ ‘சட்’டென்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நாள் முடிவில் எல்லோரும் புல்லில் குனிந்து வெற்றுறைகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுப்போம். ஒன்று குறைந்தாலும் லாரி கிளம்பாது. கடைசியில் ஒவ்வொருவனும் விறைத்து நின்று, தன்னிடம் தோட்டாவோ வெற்றுறையோ இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோது அங்கிருந்த தமிழர், மலையாளிகள் வீடுகளில் சமையல் ருசிக்கவில்லை என்பார். அந்த அறிவிப்புக்கு ஓராண்டு முன்பே, 1967இல், ஜூரோங்கில் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற அரசு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. முதல் வேலை தோட்டா செய்வது. அதே 1967 ஆகஸ்டில் தேசிய சேவையின் முதல் அணி முகாமுக்குள் போனது. அடுத்த ஆண்டே நாணயச் சாலையும் அந்த நிறுவனத்தின் கீழ் தொடங்கியது. உலோகத்தை அச்சில் அழுத்தத் தெரிந்த கைகளுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வேலைகள்தான். “சோத்துக்கு வழி என்னன்னு தெரியாத நேரத்துல துப்பாக்கிக்குக் காசு போடுறாங்களேன்னு நான் திட்டியிருக்கேன்டா” என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் சீருடையில் வாசலில் நிற்கும்போது சொன்னார். திட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஏனென்றால் எம்16 அன்றைக்கு மலிவான தேர்வு இல்லை. பிரிட்டிஷ்காரர்களின் 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள் ஏற்கெனவே படையில் இருந்தன. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி எம்16ஐ இங்கேயே செய்வது என்பது கூடுதல் செலவு. அந்தச் செலவு ஏன் சரி என்பது எனக்கு மைதானத்தில் புரிந்தது. என் உயரத்துக்கும் எடைக்கும் எஸ்.எல்.ஆர். என்னைப் படுத்தியிருக்கும். 5.56 தோட்டாவின் உதை குறைவு, எடை குறைவு, அதே சுமையில் கூடுதல் தோட்டாக்கள் தூக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த ஆசியப் பையன்களின் தோளை நினைத்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்த எம்16இன் பழைய கதை ஒன்றை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் இது அடிக்கடி சிக்கிக்கொண்டது. தோட்டாவின் வெடிமருந்தை வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள். தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு போடவில்லை. துடைக்கும் சாமான்களைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஈரத்தில் அறை துருப்பிடித்தது, வெற்றுறை வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. சிக்கிய துப்பாக்கியைப் பிரித்துப் போட்டபடியே செத்துக் கிடந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்தபிறகு, 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு அறைக்குக் குரோமியம் வந்தது, துடைக்கும் சாமான் வந்தது. எங்களுக்குக் கிடைத்த எம்16எஸ்1 அந்தத் திருத்தங்களுக்குப் பின் பிறந்தது. மண்டாய்க் காட்டின் ஈரத்தில் நான் அதை நம்பிக் கிடந்தேன் என்றால், கண்ணுக்கே தெரியாத அந்தப் பூச்சை நம்பித்தான். விலை கூடிய துப்பாக்கி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளியில் மாட்டும் எதுவும் இல்லை. அந்தப் பூச்சுதான்.

1970களின் கடைசியில் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் எஸ்ஏஆர் 80 என்று சொந்தமாக ஒன்றைச் செய்தது. உரிமத்தின் கீழ் செய்த எம்16ஐ வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்காவின் அனுமதி வேண்டியிருந்தது. நம் படைக்கு மட்டும் செய்துகொண்டிருந்தால் ஆலைக்கு வேலை போதாது. தகட்டை அச்சில் அழுத்திச் செய்யும் பாகங்கள், குறைந்த செலவு. ஆனால் நம் படை அதைக் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொண்டது. எம்16 ஏற்கெனவே கையில் இருந்தது, நன்றாகவும் சுட்டது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூக்கிப்போடாதது நல்ல முடிவு என்பேன்.

என் மகன் 2010களில் தேசிய சேவைக்காகத் தெக்கோங் தீவுக்குப் போனான். அவனுக்குக் கிடைத்தது எஸ்ஏஆர் 21. 1999இல் வெளிவந்த, முழுக்க இங்கேயே வடிவமைத்த துப்பாக்கி. துப்பாக்கி ஒப்படைக்கும் நாளில் அவன் அதை இரண்டு கையாலும் வாங்கியதைப் பார்த்தேன். விடுமுறையில் வந்தவனிடம் கேட்ட முதல் கேள்வி எடையைப் பற்றித்தான். 3.82 கிலோ. என் எம்16ஐவிட முக்கால் கிலோவுக்கும் மேல் கூடுதல். எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் காட்டில் நடந்தவனுக்கு முக்கால் கிலோ என்றால் என்னவென்று தெரியும்.

“அப்பா, நீளத்தப் பாருங்க” என்றான். 80 சென்டிமீட்டர்தான். மேகசினையும் இயங்கும் பாகங்களையும் விசைக்குப் பின்னால், தோள்கட்டைக்குள் தள்ளிவிட்டதால் குழல் குறையாமலே மொத்த நீளம் குறைந்துவிட்டது. கவச வண்டிக்குள் ஒருவர் முழங்காலை ஒருவர் இடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். மிச்சத் தோட்டாக்களைக் கண்ணால் பார்க்கலாம். கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு, உள்ளே ஏதாவது வெடித்தால் முகத்தைக் காக்க. முன்பக்கத்தில் லேசர். மேலே, தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி.

அந்தத் தொலைநோக்கியைப் பற்றி அவன் சொன்னதுதான் என் கோபத்தை மாற்றியது. அது ஆலையிலேயே குறி சரிசெய்யப்பட்டு வருகிறது. தோட்டா முனையால் நாங்கள் ‘டிக்’ ‘டிக்’ என்று திருப்பிக்கொண்டிருந்த வேலையில் பெரும்பகுதி அவனுக்கு இல்லை. படுத்தான், கண்ணை வைத்தான், சுட்டான். எங்கள் அணியில் கடைசிவரை தேறாமல், எல்லாரும் சாப்பிடப் போனபின்பும் மைதானத்தில் நிறுத்தப்பட்ட சீன நண்பன் ஒருவனுக்குக் கண்பார்வை குறைவு, அவ்வளவுதான். அவன் கையில் இது இருந்திருந்தால் முதல் நாளே தேறியிருப்பான்.

முழுநேரப் படைவீரன் என்றால் ஆண்டு முழுக்கச் சுட்டுப் பழகலாம். நம் படையின் பெரும்பகுதி கணக்காளர்கள், லாரி ஓட்டுநர்கள், கணினி வேலை பார்ப்பவர்கள். முழுநேர சேவை முடிந்தபின் ஆண்டில் சில வாரம் முகாமுக்கு வந்து, சில மணி நேரம் மைதானத்தில் படுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு நேரம்தான் இல்லை. அந்த நேரத்தைத் துப்பாக்கியே மிச்சப்படுத்திக் கொடுக்கிறது என்றால் கூடக் கொடுக்கலாம், முக்கால் கிலோவையும் சுமக்கலாம். அது போதாதென்று 2013இல் பாசிர் லாபாவில் உள்ளரங்கப் பயிற்சிக் கூடமும் திறந்தார்கள். குழி இல்லை, பசை இல்லை, மழை இல்லை. குண்டு எங்கே பட்டது என்பது பக்கத்துத் திரையில் உடனே தெரிகிறது. துப்பாக்கிக்குச் செலவழித்ததைவிட அது நல்ல செலவு என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மகன் செக்ஷன் கமாண்டர், ரிசர்விஸ்ட். நாங்கள் பொங்கோல் நீர்வழிப் பாதையோரம் குடியிருக்கிறோம். நான் இளைஞனாக இருந்தபோது இங்கே பன்றிப் பண்ணை வாடையும் கடல் காற்றும் கலந்து வரும். நண்டு சாப்பிட மட்டுமே வருவோம். ஒரு ராத்திரி அவன் நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இதே பேச்சு. எஸ்ஏஆர் 21இலேயே விலை கூடிய வகை உண்டு. நிரந்தரத் தொலைநோக்கிக்குப் பதிலாக மேலே நீளமாகப் பல்வரிசைத் தண்டவாளம் வைத்தது. விரும்பிய கருவியை மாட்டலாம், கழற்றலாம். எல்லாருக்கும் அதையே கொடுக்க வேண்டும் என்றான் ஒருவன். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. “மாட்டுறதுக்கு வாங்கித் தர்ற கருவியோட விலைய யாரு கணக்குப் பண்றது? கழட்டி மாட்டுனா மறுபடி குறி சரி பண்ணணும். ரிசர்விஸ்ட்டுக்கு அதுக்கு ஏது நேரம்?”

நானும் அவன் பக்கம்தான். அணித் தலைவனுக்கும் குறிபார்த்துச் சுடுபவனுக்கும் அது தேவைப்படலாம். எல்லாருக்கும் கொடுத்தால், ஆலையிலேயே குறி வைத்து அனுப்பியதன் பலனை நாமே காசு கொடுத்துத் தொலைப்பதாக ஆகும்.

இதே கேள்விக்கு இந்தியா வேறு பதில் சொல்லியிருக்கிறது. திருச்சியில் 1966இல் வந்த துப்பாக்கித் தொழிற்சாலையை எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரியும். இன்சாஸ் துப்பாக்கி அங்கேயும் செய்யப்பட்டது. 1999 கார்கில் குளிரில் இன்சாஸின் மேகசின்கள் வெடித்துக் கீறல் விட்டதாகப் புகார் எழுந்தது. பின்னாளில் படையை இரண்டாகப் பிரித்து யோசித்தார்கள். எல்லையின் முன்வரிசைக்கு 2019இல் சுமார் 700 கோடி ரூபாயில் 72,400 சிக் 716 துப்பாக்கிகள். மற்றவர்களுக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே 203களை அமேதியில் செய்ய 2021இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம். அத்தனை பெரிய படைக்கு அது நியாயமான வழி. ஆனால் நம் தீவில் முன்வரிசை, பின்வரிசை என்று பிரிக்க இடம் எங்கே இருக்கிறது?

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பொங்கோல் முனை. 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானிய ராணுவக் காவல்படை அங்கே 300 முதல் 400 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றது. அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் பட்டம் விடப் போகிறார்கள். அங்கே நின்று பார்த்தால், எழுத்தர் பையனுக்கும் காலாட்படைப் பையனுக்கும் ஒரே தரமான துப்பாக்கி என்ற நம் முடிவின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

எஸ்ஏஆர் 21க்கு வயது 25 தாண்டிவிட்டது. அடுத்தது எது என்ற பேச்சு வரத்தான் செய்யும். 2018 சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில், சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸின் வழிவந்த எஸ்டி என்ஜினியரிங் பிஆர்18 என்ற ஒன்றைக் காட்டியது. இடதுகைக்காரரும் வலதுகைக்காரரும் ஒரேபோலப் பயன்படுத்தும்படி செய்தது. மகனின் செக்ஷனில் ஓர் இடதுகைக்காரன் இருக்கிறான். எஸ்ஏஆர் 21இன் வடிவத்தில் வெற்றுறை வெளியேறும் துவாரம் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான உறை முகத்தருகே தெறிக்கும். அதனால் அவன் வலது தோளுக்கு மாறிப் பழகினான். நன்றாகச் சுடக்கூடிய பையன், சுமாராகச் சுடுகிறான். கூடுதல் விலை கேட்டு யாராவது புதுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தால், தண்டவாளத்தில் எத்தனை கருவி மாட்டலாம் என்று கேட்பதற்கு முன், முதலில் அவன் கையில் கொடுத்துச் சுடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.