ஒன்றும் நடக்காததற்கு ஒரு விருது

பட்டாளத்தில் ஒருவனுக்கு விருது கொடுக்கிறார்கள் என்றால் அவன் யாரையாவது சுட்டிருக்க வேண்டும் என்பது என் மாமியாரின் கட்சி. வேலூர் மாவட்டத்தில் பிறந்தவர் வேறெப்படி நினைப்பார்? கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே கூப்பிடுகிற சீமை அது. திண்ணைக்குத் திண்ணை ஒரு முன்னாள் ஹவில்தார் இருப்பார். அவரிடம் காட்டுவதற்கு ஒரு தழும்பும், சொல்வதற்கு ஒரு கதையும் இருக்கும். என் மனைவியின் அண்ணன் லீவில் வந்து அவர்கள் நடுவே உட்கார்ந்தால் மட்டும் பேச்சு படுத்துவிடும். ஏனென்றால் மச்சான் ஏ.எஸ்.சி., அதாவது ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டீசல், லாரி, கோவேறு கழுதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. “துப்பாக்கி?” என்று கேட்டால், “அது வேற கோர், ஆர்ட்னன்ஸ்” என்பார். “பூட்ஸாவது?” “அதுவும் ஆர்ட்னன்ஸ்.” கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குக் கமெண்டேஷன் கார்டு கிடைத்திருக்கிறது, டிசம்பர் 8 கோர் தினத்தை ஒட்டி பராகானாவில் வைத்துப் பாராட்டுகிறார்கள், குடும்பத்தோடு பெங்களூர் வாருங்கள் என்று போன் வந்தது. போனை வைத்த அரை மணிக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. காய்கறிக்காரம்மா வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தபோது மச்சான் நான்கு தீவிரவாதிகளைப் பிடித்திருந்தார்.

பராகானா என்பது பட்டாளத்துப் பெரிய விருந்து. அன்றைக்கு அதிகாரிகள் ஜவான்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குமுன் தங்கள் கையாலேயே பரிமாறவும் செய்வார்கள். பிளேசர் போட்ட ஒரு கர்னல், கரண்டியும் கையுமாக வந்து என் மாமியாரிடம், “மாதாஜி, இன்னும் கொஞ்சம்” என்று இந்தியில் உபசரித்தார். மாமியார் என் பக்கம் சாய்ந்து, “இந்தத் தம்பி பதவிசா பரிமாறுது மாப்பிள்ளை. சின்னவன் கல்யாணத்துக்கு இவரையே பேசிடலாமா?” என்றார். அவருக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

எனக்கு உண்மையில் பாவமாக இருந்தது லங்கர் கமாண்டரைப் பார்த்துத்தான். சமையற்கூடத்தின் தலைவர் அவர். எந்தச் சமையற்காரருக்கும் பந்தியில் நாக்கு நீண்டவர்கள் நாலு பேர் வாய்ப்பார்கள். இவருக்குப் பந்தி மொத்தமும் அப்படி வாய்த்திருந்தது. தாலை வாயில் வைக்குமுன்பே அந்தப் பருப்பு எந்த லாட்டில் வந்தது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று சொல்லக்கூடியவர்கள். என் எதிரே இருந்த நாயக் ரேங்க்காரர் ஒருவர் கோழித்துண்டைக் கண்ணாலேயே எடை போட்டு, ஸ்கேலுக்குச் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கடித்தார். ரசித்துச் சாப்பிடும் முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஸ்டாக் எடுக்கிற முகங்கள்.

பாராட்டு நேரம் வந்தது. மச்சான் பெயரைச் சொன்னதும் மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். மேடையில் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பு என் தலையில்.

“என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?”

“மச்சான் லடாக்கில் இருந்தாராம் அத்தை.”

“ஆமா. அங்கே?”

“குளிர்காலம் முழுக்க எந்த போஸ்டிலும் எதுவும் தீர்ந்துபோகலையாம்.”

“சரி, அப்புறம்?”

“அவ்வளவுதான் அத்தை.”

மாமியார் என்னை நம்பவில்லை. மாப்பிள்ளைகள் ஒன்றிரண்டு தீவிரவாதிகளை விட்டுவிட்டு மொழிபெயர்க்கக்கூடியவர்கள்தானே.

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்பதை விளக்க அங்கே நேரமில்லை. லடாக்குக்குப் போகும் வழியில் உள்ள சோஜி லா கணவாய் சுமார் 11,500 அடி உயரம். பனி விழுந்து பாதை அடைபட்டால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம்தான். அதனால் பாதை திறந்திருக்கும் மாதங்களிலேயே குளிர்காலத்துக்கான அரிசியும் எண்ணெயும் லாரி லாரியாக மேலே ஏற வேண்டும். அங்கிருந்து போஸ்டுகளுக்குக் கோவேறு கழுதை முதுகிலும் ஆள் முதுகிலும் போகும். எந்த மூட்டையை எங்கே இறக்குவது என்று ஜூன் மாதத்தில் தப்பாகக் கணக்குப் போட்டால், ஜனவரியில் ஒருவன் மண்ணெண்ணெய் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். சியாச்சினில் முட்டையும் ஆரஞ்சும் கல்லாக உறைந்துவிடும். அடுப்பு எரியாவிட்டால் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது, பனியைத்தானே உருக்கியாக வேண்டும். கணக்குத் தப்பினால் அது செய்தி. சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைத் திண்ணையில் உட்கார்ந்து எப்படிக் கதையாகச் சொல்வது? இதுவரை வழங்கிய 21 பரம் வீர் சக்ராக்களில் ஒன்றுகூட ஏ.எஸ்.சி.க்காரருக்குப் போனதில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நம் சங்கப் புலவர்கள் இந்த விஷயத்தில் தாராளம். பாரதப் போரில் சோறு போட்டதாகப் புறநானூறு பாடும் சேரனுக்குப் ‘பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்’ என்றே பெயர் நின்றுவிட்டது. வாளுமில்லை, வேலுமில்லை, சோற்றுக்கே பட்டம். என்ன, இரண்டு தரப்புப் படைக்கும் அவர் படியளந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு அப்படி எதிரிக்கும் ரேஷன் இறக்கிவிட்டு வந்தால் பட்டம் கிடைக்காது, கோர்ட் மார்ஷல்தான் கிடைக்கும்.

ஏ.எஸ்.சி.யில் பெரும்புகழ் பெற்றதும் மனிதர் அல்ல, பெடோங்கி என்ற கோவேறு கழுதை. 1971 போரில் பாகிஸ்தான் படை அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் சுமையை ஏற்றியது. அது ஒரு நாள் தப்பித்து, முதுகிலிருந்த அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டிகளையும் இறக்காமல் கொள்ளாமல் நம் பக்கம் வந்து நின்றது. மிக நீண்டகாலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதை என்று கின்னஸில் ஏறியது. டெல்லியில் நீல வெல்வெட் போர்வை போர்த்திக் கௌரவித்தார்கள். பொன்னாடை வாங்கிய கையோடு ஏற்புரை என்று மைக்கைப் பிடிக்காத ஒரே விருதாளர் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு புகழ் பெங்களூரிலேயே உண்டு. ஏ.எஸ்.சி.யின் ‘டொர்னடோஸ்’ குழு 2017-இல் ஒரே புல்லட்டில் 58 பேர் ஏறி ஓட்டி உலக சாதனை செய்தது. பக்கத்து மேஜைக்காரர் இதைப் பெருமையாகச் சொன்னபோது மாமியார் அசரவில்லை. ஒரு டி.வி.எஸ். 50-இல் கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை நெல்லோடு ஆற்காடு வரை போய்வந்தவர் அவர்.

விருந்தில் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும், சப்ளைக்காரர்கள் விருந்திலேயே சப்ளை நின்றது என்று எழுதலாம் என நானும் கடைசிவரை காத்திருந்தேன். ஐஸ்கிரீம்வரை எதுவும் தீரவில்லை. அதிகமாக மிஞ்சவும் இல்லை. எழுதுகிறவனின் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே பிறந்த மனிதர்கள்.

மறுநாள் அந்தக் கார்டைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு ஊருக்குக் கொடுத்தனுப்பினார் மச்சான். பார்சலை அவரே கட்டினார். விமானத்திலிருந்து பாராஷூட்டில் போடும் சாமான்களைக் கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். வைக்கோல், தேங்காய் நார், இரண்டு அடுக்குச் சாக்கு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மணிலாக் கயிறு. காட்பாடியில் இறங்கும்போது அதைத் தூக்க போர்ட்டர் வைக்க வேண்டியிருந்தது. வீட்டில் அரிவாள்மணையை வைத்து ஒரு மூலையைப் பிரிப்பதற்குள் என் மனைவிக்குக் கை சிவந்துவிட்டது. விருதைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு மாமியார் இப்போது பார்சலைத்தான் காட்டுகிறார். கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லோரும், பெரிய விருதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.