குஸ்தியின் பூர்வீகம் மேல்விஷாரமே

குஸ்தி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆய்வுக்கு இறங்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பாரசீகத்தில் மற்போருக்குக் 'கோஷ்தி' என்று பெயர். மற்போர் செய்வதைக் 'கோஷ்தி கிரெஃப்தன்' என்பார்கள்; கிரெஃப்தன் என்றால் பிடித்தல். எதைப் பிடிப்பது? எதிராளியின் இடுப்புக் கச்சையை என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. பார்சிகள் இடுப்பை மும்முறை சுற்றிக் கட்டும் புனிதக் கயிற்றுக்கும் குஸ்தி என்றுதான் பெயர். (கடன் வாங்கியவனின் காலரைப் பிடிப்பது வேறு கலை, அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.)

இடுப்புப் பட்டை என்றால் தோல். தோல் என்றால் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டியிருக்கும் மேல்விஷாரம். நிரூபணம் இத்தோடு முடிந்திருக்கும், பார்சிக் குஸ்தி ஆட்டு ரோமத்தில் 72 இழைகளாக நெய்யப்படுவது என்ற அற்ப ஆட்சேபணை மட்டும் வராதிருந்தால். ரோமம் எங்கிருந்து வந்ததாம்? தோலிலிருந்துதானே! டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் ஒருமுறை எட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியையே எழுப்பமாட்டார்கள்.

இன்னும் சந்தேகப்படுவோர் துருக்கிக்குப் போகலாம். எதிர்னே நகரின் கிர்க்பினார் மற்போரை 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீரர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு, 'கிஸ்பெத்' என்ற தோல் காற்சட்டையோடு இறங்குவார்கள். உடம்பு வழுக்கும், கைக்கு உருப்படியாக அகப்படுவது தோல்தான். அங்கே மற்போர்க் களத்தில் வழங்கும் இந்த நுட்பம் நம் தோல் மண்டிக்குப் புதிதல்ல.

இனி 'பயில்வான்'. பயில்பவன் பயில்வான், ஆகவே தூய தமிழ் என்று ஒரு கட்சி உண்டு. வருந்துகிறேன், அது பாரசீகப் 'பஹ்லவான்'. அதன் வேர் பார்த்தியா என்னும் பழைய நாடு. பார்த்தியா, அதுவும் தமிழ்போலத்தான் ஒலிக்கிறது!

அந்தப் பார்த்தியரான பஹ்லவரே பல்லவர் என்று கல்வெட்டறிஞர் வெங்கையா கருதினார். பின்வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுப்பு நமக்குத் தோதாக இல்லாததால் அதை விட்டுவிடுவோம். பல்லவரில் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன், அதாவது பெரும் மற்போர் வீரன், என்று பட்டப்பெயர். 642 வாக்கில் வாதாபியை வென்றவன். காஞ்சியிலிருந்து மேற்கே ஆற்காடு தாண்டினால் மேல்விஷாரம். மன்னன் கச்சையை எந்தக் கடையில் வாங்கினான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் வேறு நல்ல கடை இருந்ததாகவும் சொல்லவில்லை.