அத்தான் கேட்ட கேள்வி

சவுத்தாம்ப்டன்
ஏப்ரல் மாதம்

அன்புள்ள அக்கா,

லீவுக்கு வருவதற்கு முன்னால், "படகுல கக்கூஸ் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்று அத்தான் கேட்டாராமே. போனில் சொன்னால் சிரிப்பில் பாதியை விட்டுவிடுவார். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படிக்கச் சொல்.

இருக்கிறது. வெஸ்டர்ன்தான். ஆனால் சும்மா போய் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் குனிந்து ஒரு வால்வைத் திறக்க வேண்டும். அது கடல் உள்ளே வரும் வழி. பிறகு இன்னொன்று, அது நம்முடையது வெளியே போகும் வழி. காரியம் முடிந்ததும் லீவரை ஒரு பக்கம் தள்ளி, கைப்பம்பை இருபது தடவை அடித்தால் தண்ணீர் வரும். மறுபக்கம் தள்ளி இன்னொரு இருபது அடித்தால் தண்ணீர் போகும். அப்புறம் இரண்டு வால்வையும் ஞாபகமாக மூட வேண்டும். பீங்கான் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மூடாமல் தூங்கினால் கடல் தானாக ஏறி உள்ளே வந்துவிடும். கக்கூஸ் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கின படகுகள் உண்டு, நான் கதை விடவில்லை. சுவரில் பழைய சொந்தக்காரர் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்: 'நீங்கள் சாப்பிட்டது தவிர வேறெதையும் இதில் போடாதீர்கள்.' பேப்பர்கூடக் கூடாது. வெள்ளைக்காரன் திண்டாடுகிறான், நமக்குச் செம்பு போதும்.

இவ்வளவும் சொன்னேனே, இப்போது அதை உபயோகிக்கவே முடியாது. கிரேன் வைத்துப் படகைத் தூக்கிக் கரையில், படகு ரிப்பேர் யார்டில் நிறுத்தியிருக்கிறது. இருபத்தாறு அடிப் படகு, 1970களில் கட்டியது, கீழே இரண்டு கீல் இருப்பதால் காலூன்றி நிற்கிறது. உள்ளே பம்பை அடித்தால் யார்டுக்காரர் தலையில்தான் விழும். ஆகவே ராத்திரி ஏணியில் இறங்கி, மழையில் யார்டைக் கடந்து அவர்கள் கக்கூஸுக்குப் போகிறேன். அங்கே கதவில் நம்பர் பூட்டு. அந்த அவசரத்தில் நாலு நம்பர் ஞாபகம் வருமா என்று அத்தானை யோசித்துக்கொள்ளச் சொல்.

ஏன் தூக்கினேன் என்றால், படகுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஃபைபர் கிளாஸுக்குள் வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊறி, அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம். ஒன்றைக் குத்தினால் பிசுபிசுவென்று வடிகிறது, வினிகர் வாசம். எல்லாவற்றையும் சுரண்டி, மாதக்கணக்கில் காயவிட்டு, எபாக்சி பூச வேண்டும். வேப்பிலை இங்கே கிடைக்காது.

வெளியே அப்படி, உள்ளே கூரை. ரெக்சினுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஃபோம் பொடிந்து, தொட்டால் பழுப்புத் தூளாகக் கொட்டுகிறது. ரசத்தில் மிளகு எது, கூரை எது என்று தெரியவில்லை.

மரவேலையில்தான் மனசு விட்டுப்போகிறது. வார்னிஷ் முதல் பூச்சைத் தின்னர் கலந்து நீர்க்க அடிக்க வேண்டும், அதற்கு மேல் ஆறேழு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் உப்புத்தாள். குளிர் கூடாது, காற்று கூடாது, தூசி கூடாது, காய்வதற்குள் பனி இறங்கினால் பளபளப்பு போய்ப் பால் படிந்த மாதிரி மங்கிவிடும். இந்த நாலும் ஒத்துவரும் நாள் இந்த ஊரில் வருவதில்லை. நம் தூத்துக்குடியில் தோணிக்குக் கலப்பத்து அடிப்பார்களே, பஞ்சைத் திரித்து இடுக்கில் வைத்து டொக்கு டொக்கென்று? வேடிக்கை பார்க்க நின்றால் மண்டை பிளக்கும் என்று நீ இழுத்துக்கொண்டு போவாய். அந்த வெயிலில் அரை நாள் கிடைத்தால் போதும், இந்தச் சுக்கான் பிடியை முடித்துவிடுவேன். இங்கே சீக்கிரம் ஆறுவது டீ மட்டும்தான்.

நான் கப்பல் வாங்கியிருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்கிறாளாம். சொல்லட்டும். வீட்டு வாடகை கட்டி மாளாமல்தான் படகுக்கு வந்தேன் என்பதைவிட அது கௌரவம். ஆனால் 1912-ல் டைட்டானிக் கிளம்பினது இதே ஊரிலிருந்துதான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

வாடகை இங்கேயும் விடவில்லை. படகு நிற்கும் இடத்துக்கு மீட்டர் கணக்கில் காசு. போன வாரம் ஒருவர் டேப்போடு வந்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நங்கூரத்தையும் சேர்த்து அளந்துகொண்டு போனார். கழற்றிப் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். இரவில் காலில் இடிக்கிறது, இடிக்கட்டும், மாசம் அரை மீட்டர் மிச்சம்.

அன்புடன்,
தம்பி