'நிர்வாகம்'ங்கிற ஆளு எந்த வட்டத்துல குடியிருக்காரு?

வாப்பா பேராண்டி. பெங்களூருல உட்கார்ந்துக்கிட்டு, தானாவே பணம் அனுப்புற, தானாவே மோட்டார் ஓட்டுற மென்பொருள் செய்யிறியாமே. "ஆபத்தான வேலைன்னா மனுஷன்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யும் தாத்தா"ங்கற. எப்படிக் கேக்கும்? 'சரி'ன்னு ஒரு பொத்தான். உங்கப்பன் போன்ல ஓ.டி.பி. வந்தா, எதுக்குன்னு படிக்காமலே ஊருக்கே கேக்குற மாதிரி ஒப்பிக்கிறான். அவனும் மனுஷன்தான்.

நம்ம நெய்வேலி மைன்ஸ்ல நிலக்கரி ஓடுற பெல்ட்டைப் பாத்திருக்கியா? அதுல கை வைக்கணும்னா முதல்ல லைன் கிளியர் வாங்கணும். எந்த பெல்ட், என்ன வேலை, எத்தனை மணி வரைக்கும், குடுத்தவன் யாரு, வாங்கினவன் யாரு, எல்லாம் சீட்டுல இருக்கணும். சுவிட்சுல பூட்டு, மேல ஒரு பலகை. வாங்கினவனே ஆளுங்களை வெளியேத்திட்டு, சீட்டைத் திருப்பிக் குடுத்தாத்தான் கரண்ட். பெரிய இன்ஜினியரே வந்து "போடுப்பா, நான் பாத்துக்கறேன்"னாலும் போடக்கூடாது. அப்படிச் சொன்ன பெரியவங்க கதையெல்லாம் வேணும்னா டீ வாங்கிக் குடு, சொல்றேன்.

2020-ல மே மாசம் ஒருதடவை, ஜூலை 1-ம் தேதி ஒருதடவை, நம்ம ரெண்டாவது தெர்மல் பவர் ஸ்டேஷன்ல பாய்லர் வெடிச்சுச்சு. அதைப் பத்தி கேலி பேச எனக்கு வாய் வராது.

சீட்டு இருந்தா மட்டும் போதுமா? 1988 ஜூலை 6. வட கடல்ல பைப்பர் ஆல்பான்னு ஒரு எண்ணெய் மேடை. ஒரே பம்புக்கு ரெண்டு சீட்டு. ஒண்ணு பம்பைப் பிரிச்சு வேலை பாக்க, இன்னொண்ணு அதோட பாதுகாப்பு வால்வைக் கழட்ட. ராத்திரி ஷிப்டுக்கு முதல் சீட்டு மட்டும்தான் தெரியும். அந்த வேலை இன்னும் தொடங்கலையேன்னு பம்பை ஓட்டிட்டாங்க. வால்வு இருந்த இடத்துல வெறும் மூடித் தகடு. 167 உசுரு போச்சு.

உன் மென்பொருள் இன்னொரு கம்பெனி மென்பொருள்கிட்ட வேலையை ஒப்படைக்குதுன்னு வச்சுக்க. நீ எழுதுற சீட்டு அவனுக்குப் புரியாது, அவன் சீட்டு உனக்குப் புரியாது. ரெண்டு பேர் சீட்டும் பத்திரமா இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டான். அதனால சீட்டோட வடிவம் கம்பெனி ரகசியமா இல்லாம பொதுவுல இருக்கணும். எவன் வேணாலும் படிக்கணும், பின்னாடி எவனும் திருத்தக் கூடாது. பூட்டுச் சாவி மிஷின்கிட்டயே இருந்தா அது பூட்டே இல்ல.

ஐரோப்பாக்காரன் 2024-ல ஒரு சட்டம் போட்டான். முகத்தை வச்சு ஆளைக் காட்டுற கருவி கைநீட்டினா, தகுதியுள்ள ரெண்டு பேர் தனித்தனியா சரிபாக்காம யார் மேலயும் கை வைக்கக் கூடாதாம். போலீசு, எல்லைக் காவல், குடியேற்றம், புகலிடம் பாக்குறவங்களுக்கு மட்டும் ஓரமா ஒரு சந்து விட்டிருக்கான். கெட்டிக்காரன்.

எங்க, உன் மென்பொருளோட சீட்டைக் காட்டு. 'அனுமதித்தவர்'ங்கிற கட்டத்துல 'நிர்வாகம்'னு போட்டிருக்கியே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த நிர்வாகத்தை நான் எங்கடா போய்த் தேடுவேன்? எந்த வட்டம், எந்தக் குவார்ட்டர்ஸ்னு எழுது.