வீட்டுப் பீரில் நொதிப்பது எது?

வீட்டில் பீர் காய்ச்சுதல் என்பது, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதனின்று இறங்கும் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடும் பொழுதுபோக்காகும். சாராயம்போல் ஆவியாக்கி வடிக்கும் வேலை இதில் இல்லையாதலால், 'காய்ச்சுதல்' என்னும் சொல் தமிழ்ச் செவியில் எழுப்பும் போலீஸ் அச்சம் அமெரிக்காவில் இதற்குப் பொருந்தாது. அந்நாட்டில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வயதுவந்தோர் ஒருவரே உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ மேற்பட்டோரோ உள்ள வீட்டுக்கு 200 கேலனும், அதாவது ஏறத்தாழ 757 லிட்டரும், கூட்டரசு வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள இடமளித்தது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013இல்தான் இதற்கு இசைந்தன. பீருக்கு இத்துணை நுட்பமாக வரம்பு கட்டிய சட்டம், பாத்திரங்களுக்கு வரம்பேதும் கூறாது விட்டமையே இவ்வாய்வின் தோற்றுவாய்.

ஈஸ்ட்டின் வளர்ச்சியை நுண்ணுயிரியலார் தாமதக் கட்டம், பெருக்கக் கட்டம், நிலைக் கட்டம் எனப் பகுப்பர். சாற்றில் இட்ட ஈஸ்ட் முதலில் சூழலுக்குப் பழகியவாறு வாளாவிருக்கும். பின் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும். உணவு அருகியதும் ஓய்ந்து, அடியில் வண்டலாய்ப் படியும். இக்கட்டங்கள் ஈஸ்ட்டுக்கு மட்டுமன்றிக் காய்ச்சுபவரின் கருவிகளுக்கும் உரியன என்பதே ஈண்டு நிறுவப்படும் கோட்பாடு.

தாமதக் கட்டத்தில் வீட்டிலிருப்பவை ஓர் அண்டா, மூடியிட்ட ஒரு வாளி, உள்ளிருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றி வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக் என்னும் நீரடைப்புக் குழல் ஆகிய மூன்றே. 'இதற்குமேல் எதுவும் வேண்டாம்' என்னும் உறுதிமொழி இல்லத்தாருக்கு அளிக்கப்படுவதும் இக்கட்டத்திலேயே. பெருக்கக் கட்டத்தில், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதாவது பால் சொசைட்டியில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு, வந்து சேர்கிறது; அது கண்ணாடியாதலின் உடையும் என்று கருதி இரண்டாவதும் வருகிறது. கொதித்த சாற்றை விரைந்து ஆற்றச் செப்புச் சுருள்குழாயும், லாகர் வகை பீருக்கு வேண்டிய சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிரைக் காக்க மற்றொரு குளிர்சாதனப் பெட்டியும், அப்பெட்டி வெறுமையாய்க் கிடத்தல் ஆகாதென்று கார்பாய் எனப்படும் பெருங்குடுவைகள் இரண்டும் தொடர்கின்றன.

புட்டிகள் தனித்து ஆராயத்தக்கன. ஒருமுறை காய்ச்சும் வழக்கமான அளவாகிய 5 கேலனை, அதாவது 19 லிட்டரை, 355 மில்லிப் புட்டிகளில் அடைக்க 53 புட்டிகள் தேவை. நிறமற்ற கண்ணாடியிலும் பச்சைக் கண்ணாடியிலும் புகும் ஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை விளைக்குமாதலின், பழுப்புப் புட்டியே ஏற்றது. இவற்றைத் திரட்டும் எளிய வழி கடையில் பீர் வாங்கிக் குடிப்பதாகும். எனவே கடைப் பீரை ஒழிக்கப் புறப்பட்டவர், 53 கடைப் பீரைக் குடித்த பின்னரே தம் முதற்பீரை அடைகிறார். வெறும் புட்டிகளையே விலைக்கு வாங்கலாகாதோ எனின், வாங்கலாம்; ஆயினும் உள்ளே ஒன்றுமில்லாத புட்டிக்குப் பணம் தருவது ஊதாரித்தனம் என்பது விடை.

கார் ஷெட் நிறைந்து கார் தெருவுக்கு வந்ததும் நிலைக் கட்டம் எய்தப்படுகிறது. தரை தீர்ந்தபின் எஞ்சுவது சுவராதலின், பழைய மதுச்சாலை விளம்பரத் தகடுகள், மூடிகள், கோப்பையின் கீழிடும் அட்டைகள் ஆகியவை அங்கு வண்டலாய்ப் படிகின்றன. ட்ரெஸ்டன் நகரில் ராபர்ட் ஸ்புட் மரக்கூழ் அட்டைக்கும், பால்டிமோரில் வில்லியம் பெயிண்டர் நெளிவிளிம்பு மூடிக்கும் காப்புரிமை பெற்ற 1892ஆம் ஆண்டையே இவ்வண்டலின் ஆதியாண்டெனக் கொள்ளலாம். அட்டை சேர்த்தலுக்கு, பாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து டெகெஸ்டாலஜி என்று பெயருமிட்டுள்ளனராதலின், சுவரில் தொங்குவதைக் குப்பை என்பார் வாதம் சொல்லளவிலேயே வீழ்கிறது.

ஆகவே, ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை எவ்வாறோ, கருவிகளுக்குப் பீர் அவ்வாறே: உணவேயன்றி விளைவன்று. 200 கேலன் வரம்பை எட்ட ஆண்டுக்கு 40 முறை காய்ச்ச வேண்டியிருக்க, விடுமுறை நாள்களெல்லாம் கருவி வாங்கவும் கழுவவும் கழிவதால், அவ்வரம்பு காப்பாரின்றியே காக்கப்படுகிறது. காய்ச்சிய 19 லிட்டரும் நண்பர்களால் தீர்ந்தபின், 53 வெறும் புட்டிகள் நிரப்பக் கோரி வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று உடைந்து 52 ஆகுமாயின், குறையை ஈடுசெய்யக் காய்ச்சுபவர் மீண்டும் கடைக்குச் செல்கிறார்.